இல்லமும் அங்காடியும்

விற்பனைத் தொழில் தமிழ்ப் பெண்களுக்குப் புதிதன்று. மோர் விற்கும் ஆயர்குலப் பெண்ணொருத்தியைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகிறது. அவள் மோருக்கு ஈடாகப் பெற்ற தானியத்தால் சுற்றத்தாரை உண்பிக்கிறாள். நெய்க்கு விலையாகப் பொன்னைக் கொள்ளாமல் எருமையையும் பசுவையும் பெற்றுத் தொழிலைப் பெருக்குகிறாள். ஈட்டியதை மீண்டும் முதலாக்கும் வணிக அறிவு அவளுக்கு இருந்தது.

தெருத்தெருவாகச் சென்று விற்ற நிலை மாறி, இன்று அங்காடியே கைப்பேசிக்குள் வந்துவிட்டது. சேலைகளின் படங்களைப் புலனம் வழியே அனுப்பி விற்கும் பெண்கள் பலர். காப்பீடு, மென்பொருள், இணையவழி வகுப்பு ஆகியவற்றை வீட்டிலிருந்தபடியே விற்கும் நிறுவனப் பணியாளர்களும் உளர். வெளியூர் செல்ல இயலாத பெண்களுக்கு இது நல்வாய்ப்பே.

எனினும், இப்பணி எளிதன்று. முகம் காணாத வாடிக்கையாளரின் தேவையைக் குரலாலேயே அறிதல் வேண்டும். மறுப்பைப் பொறுமையுடன் ஏற்று, உரிய நாளில் மீண்டும் பேசுதல் வேண்டும். வரவுசெலவைப் பிழையின்றி எழுதுதல் வேண்டும். இத்தனையும் செய்பவளை, ‘வீட்டில்தானே இருக்கிறாள்’ என்று குடும்பம் கருதுவதே பெருந்தடை. பேச்சின் நடுவே அடுப்பும் விருந்தினரும் அவளை அழைத்தால், விற்பனை கைநழுவும். அதற்குரிய தரகும் போகும்.

‘வீட்டையும் கவனித்துக்கொண்டு பொருளும் ஈட்டலாம்’ என்பதை இத்தொழிலின் சிறப்பாகச் சிலர் கூறுவர். வீட்டுவேலை பகிரப்படாத இல்லத்தில் அச்சிறப்பு இரட்டைச் சுமையாகவே முடியும்.

சட்டமும் ஓரளவே துணைநிற்கிறது. 2017ஆம் ஆண்டு திருத்தப்பட்ட மகப்பேறு நலச் சட்டம், ஊதியத்துடன் கூடிய விடுப்பை 26 வாரங்கள் வரை உயர்த்தியது. பணியின் தன்மை இடந்தந்தால், விடுப்புக்குப் பின் வீட்டிலிருந்து பணியாற்ற நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொள்ளவும் அது வழிவகுத்தது. ஆனால், பணியமர்த்தல் கடிதமின்றி, விற்றதற்கு மட்டும் தரகு பெறுவோர்க்கு இத்தகைய பாதுகாப்பு எளிதில் கிட்டுவதில்லை. எனவே, ஊதியம், தரகு, பணிநேரம் ஆகியவற்றை எழுத்தில் பெற்ற பின்னரே பணியை ஏற்பது அறிவுடைமை. வருவாய் அவள் பெயரிலுள்ள வங்கிக் கணக்கில் சேர்தலும், அதைச் செலவிடும் உரிமை அவளிடமே இருத்தலும் வேண்டும்.

இம்மாற்றம் இல்லத்தில்தான் தொடங்க வேண்டும். தாயோ தமக்கையோ விற்பனை பேசும் வேளையில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும் கை, மகனுடையதாகவும் இருக்கலாம்.