வருகைப் பதிவேடு இல்லாத பணி

எழுத்தாளனுக்கு நேரக் கட்டுப்பாடு ஆகாது என்றொரு கருத்து நம்மிடையே நெடுங்காலமாக உலவி வருகிறது. உள்ளம் பொங்கும்போது எழுதுவதே எழுத்து; மணி பார்த்து எழுதுவது குமாஸ்தா வேலை என்று இலக்கிய மேடைதோறும் கேட்கிறோம். மைய அரசு அலுவலகங்களில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தாக்களாகிய நாம் இக்கருத்தை மறுக்கக் கடமைப்பட்டுள்ளோம். நம் தொழிலின் பெயர் வசைச் சொல்லாக ஆளப்படுகிறது என்பதற்காக மட்டுமன்று. இக்கருத்தை வேதவாக்காக நம்பிச் சுயேச்சை எழுத்தாளராகப் புறப்படும் இளைஞர் பலர், ஓராண்டுக்குள் பேனாவைக் கீழே வைத்துவிடுவதைத் தலைநகரில் கண்டு வருகிறோம் என்பதற்காகவுமே.

பத்திரிகைக் கட்டுரை, வானொலி உரை, மொழிபெயர்ப்பு ஆகியவற்றை நம்பி வாழத் தொடங்குபவனுக்கு முதற்பகை வறுமையன்று. நாள் முழுவதும் தனக்கே உரியது என்னும் மயக்கமே. காலையில் நாளிதழ், பிறகு கைப்பேசி. அதற்குள் வீட்டார் குரல்: "சும்மாத்தானே இருக்கிறாய், மின்கட்டணம் கட்டிவிட்டு வா!" அலுவலகம் செல்பவனை யாரும் முற்பகல் பதினொரு மணிக்கு ரேஷன் கடைக்கு அனுப்புவதில்லை. வீட்டிலிருந்து எழுதுபவனோ, ஊரார் அனைவருக்கும் ஓய்வாக இருப்பவனாகவே தோன்றுகிறான். அவனும் தன்னை அவ்வாறே எண்ணத் தலைப்படுகிறான். அந்திப்பொழுதில் ஒரு வரியும் எழுதாத குற்ற உணர்வு. இரவில் ஒரு சபதம். மறுநாளும் அதே கதை.

எதிர்வாதம் புரிவோர் காஃப்காவைச் சான்றுக்கு அழைப்பர். 1912ஆம் ஆண்டு செப்டம்பர் திங்களில், ஒரே இரவில், இடையறாது அமர்ந்து அவர் ஒரு கதையை எழுதி முடித்தார் என்பது மெய்யே. ஆயின் அவர் பிராக் நகரில் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனமொன்றின் ஊழியர் என்பதையும், பகலில் அலுவலகம் சென்று இரவில் எழுதுவதை வழக்கமாகக் கொள்ள முயன்றவர் என்பதையும், அந்த இரவுக்கு முன்பே நாட்குறிப்பேடுகளை எழுதி நிரப்பி வந்தவர் என்பதையும் சொல்ல மறந்துவிடுவர். நாள்தோறும் ஏர் பூட்டியவனுக்கே ஒருநாள் பெருமழை பயன்படும்.

ஆங்கில நாவலாசிரியர் அந்தோனி டிரோலோப்பைப் பற்றி இவர்கள் வாய் திறப்பதே இல்லை. 1834இல் லண்டன் தபால் துறையில் குமாஸ்தாவாகச் சேர்ந்து, 1867 வரை அத்துறையிலேயே பணியாற்றியவர் அவர். காலை ஐந்தரை மணிக்கு மேசையில் அமர்வார். கைக்கடிகையை எதிரே வைத்துக் கால்மணிக்கு 250 சொற்கள் வீதம் எழுதுவார். தம்மை எழுப்பிக் காப்பி கொண்டுவந்த பணியாளுக்கு அதற்கென ஆண்டுக்கு ஐந்து பவுன் கூடுதலாகக் கொடுத்தார். இவற்றையெல்லாம் ஒளிக்காமல் கூறும் அவருடைய சுயசரிதை, அவர் மறைந்தபின் 1883இல் வெளிவந்தபோது விமரிசகர் பலர் முகம் சுளித்தனர். ஆயினும் அவர் எழுதிய 47 நாவல்கள் அந்தச் சுளிப்புக்கு அஞ்சி அழிந்துவிடவில்லை.

கடல் கடந்து செல்வானேன்? நம் உ.வே. சாமிநாதையர் தம் வரலாற்றை 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் எழுதி வந்தார். அப்போது அவருக்கு வயது எண்பத்தைந்தை எட்டியிருந்தது. 1942இல் அவர் காலமானதாலேயே அத்தொடர் முற்றுப்பெறாது நின்றது. பொன்னியின் செல்வனை ஆசிரியர் கல்கி 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் எழுதினார். அச்சுக்கூடம் காத்திருக்க, இன்று உள்ளம் பொங்கவில்லை என்று சொல்லி அவர் படுத்துவிட்டிருந்தால் வந்தியத்தேவன் வீராணத்து ஏரிக்கரையிலேயே நின்றிருப்பான் அன்றோ!

அரசு ஊழியர்க்கான 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள், அலுவற்கடமைக்கு ஊறு நேராத வகையில் எப்போதாவது இலக்கியப் பணி செய்வதற்கு முன் அனுமதி தேவையில்லை என்கின்றன. விதியை வகுத்தவர் "எப்போதாவது" என்று எழுதியதில் வியப்பில்லை. எழுத்தையே தொழிலாகக் கொண்டவனும் "எப்போதாவது" என்னும் அச்சொல்லையே கொள்கையாகக் கொள்வதுதான் வியப்பு.

ஒழுங்கு என்றால் இயந்திரமாவது என்று பொருளன்று. டிரோலோப்பின் ஐந்தரை மணி நமக்கு விதியாகாது. தில்லியின் ஜனவரி வைகறையில் விரலே பேனாவைப் பற்ற மறுக்கும். ஜூன் பிற்பகலில் அறிவே உருகிவிடும். அவரவர் உடலுக்கும் வீட்டுக்கும் இசைந்த இரண்டு மணி நேரத்தைத் தேர்ந்து, அதை மாற்றாதிருத்தலே வேண்டுவது. அந்நேரத்தில் எழுத்து மட்டுமே நிகழவேண்டும். ஆசிரியர்களுக்குக் கடிதம், சன்மானத்திற்கு நினைவூட்டல், படிப்பு ஆகியவை அதன் பின்னரே. எந்தப் படைப்பு எங்கே எந்நாளில் சென்றது, திரும்பியதா, பணம் வந்ததா என்பதற்கு ஒரு பதிவேடும் வேண்டும். குமாஸ்தாக்களிடம் கற்கத்தக்கது ஒன்றுண்டெனில், அது இப்பதிவேடுதான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். டிரோலோப் தம்மை எழுப்பியவருக்கு ஊதியம் கொடுத்தார். நம் வீடுகளிலோ எழுத்தாளனுக்கு முன்னரே எழுந்து காப்பி கலந்து, குழந்தைகளின் கூச்சலை அடக்கி, அவனுக்கு அந்த இரண்டு மணி நேரத்தை உண்டாக்கித் தருபவள் மனைவி. அவளுக்கும் எழுத விருப்பம் இருக்கலாம். அவளுக்கு அந்நேரத்தை யார் தருவது? தன் நேரத்திற்குக் காவல் கேட்பவன், பிறருடைய நேரத்திற்கும் காவல் நிற்கக் கடமைப்பட்டவன். அவன் அடுக்களையில் நிற்கும் மணியும் அந்த ஒழுங்கில் அடங்குமாயின் அவ்வீட்டில் இரண்டு எழுத்தாளர் உருவாகக் கூடும்.

எழுதப் புகும் இளைஞர்காள்! வருகைப் பதிவேடு இல்லாத பணியை ஏற்றிருக்கிறீர்கள். தாமதமாக வந்தால் கேட்பாரில்லை. வாராதிருப்பினும் சம்பளத்தைப் பிடிப்பாரில்லை, பிடிப்பதற்குச் சம்பளமே இல்லை. ஆதலால் அப்பதிவேட்டை நீங்களே திறந்து, நாள்தோறும் நீங்களே கையொப்பமிடுங்கள். கலைமகள் வரும்போது வரட்டும். அவள் வரும் நேரத்தில் நாம் மேசையருகே இருத்தல் வேண்டும்.