பழைய வாளுக்கும் ஓர் ஆப்புத் தகடு வேண்டும்

காணியை விட்டு வெளியேறிய விவசாயியின் கையில் எஞ்சுவது அவருடைய கைதான். 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்களுக்கும், 2009 இல் எல்லாவற்றையும் இழந்து வன்னியில் மீண்டும் தொடங்கியவர்களுக்கும் இது பொருந்தும். மண்வெட்டி பிடித்த கைகள் பல, தச்சுப் பட்டறைகளில் வேலை தேடின. 2012 முதல் வடக்கிலும் கிழக்கிலும் இந்திய உதவி வீட்டுத்திட்டம் விரிவடைந்தபோது கதவு, யன்னல், கூரைமரம் எல்லாவற்றுக்கும் மரம் அரிய வேண்டியிருந்தது. இன்றும் இரண்டு போகங்களுக்கு இடையில் பட்டறைக் கூலியே பல குடும்பங்களின் அடுப்பை எரிய வைக்கிறது.

இந்தப் பட்டறைகளில் சுழலும் வட்டவாள் மேசைகள் பல பழையவை. சில, கைமாறிக் கைமாறி வந்தவை. சில, உள்ளூரிலேயே கோண இரும்பை ஒட்டிச் செய்தவை. பழைய இயந்திரம் என்பதில் குற்றமில்லை. அதன் வாளுக்குப் பின்னால் இருக்க வேண்டிய ஒரு சிறு தகடு இல்லாமல் அது ஓடுவதே குற்றம் என்று நாம் கருதுகிறோம்.

மரம் ஏன் திருப்பி அடிக்கிறது என்பதை முதலில் விளங்கிக்கொள்வோம். மேசைக்கு மேலே தெரியும் வாளின் முன்பக்கப் பற்கள் மரத்தைக் கீழ்நோக்கி வெட்டுகின்றன. பின்பக்கப் பற்களோ மேல்நோக்கி எழுகின்றன. ஈரமரமும் முறுக்கு விழுந்த மரமும் அரியப்பட்டவுடன் உள்ளிருக்கும் இழுவிசையால் வளைந்து, வெட்டுவாயை மூடப் பார்க்கும். அப்படி மூடும்போது பின்பக்கப் பற்கள் மரத்தைக் கவ்வித் தூக்கி, தள்ளிக்கொண்டிருப்பவரை நோக்கி எறிகின்றன. நிமிடத்துக்கு 3000 சுற்று ஓடும் 12 அங்குல வாளின் விளிம்பு மணிக்கு 170 கிலோமீற்றருக்கு மேற்பட்ட வேகத்தில் செல்கிறது. அந்த வேகத்தை மனிதக் கை தடுக்க முடியாது. மரம் வயிற்றிலோ முகத்திலோ அடிக்கும். மரம் விலகிய இடத்தில், அதை அழுத்திக்கொண்டிருந்த கை நேரே வாளில் விழும்.

இதற்கான மருந்து நம் முன்னோருக்குத் தெரியாததல்ல. இருவர் நின்று ஆள்வாளால் மரம் அரிந்த காலத்தில், வாள் இறுகாமலிருக்க வெட்டுவாயில் ஆப்பு வைப்பார்கள். வட்டவாளின் பின்னால் நிற்கும் தகடும் அதே ஆப்புத்தான். பிரித்தானியாவில் 1922 ஆம் ஆண்டின் மரவேலை இயந்திர ஒழுங்குவிதிகளே இத்தகட்டைக் கட்டாயமாக்கின. ஆகவே இது நேற்று வந்த நாகரிகமல்ல. நூறு வருடம் கடந்த பாடம்.

தகடு எப்படி இருக்க வேண்டும்? வாளின் உடலைவிடத் தடிப்பாகவும், பற்கள் வெட்டும் அகலத்தைவிடச் சற்று மெல்லியதாகவும் இருக்க வேண்டும். வாளின் உடல் 2.2 மில்லிமீற்றரும் வெட்டின் அகலம் 3.2 மில்லிமீற்றரும் என்றால் 2.5 முதல் 2.8 மில்லிமீற்றர் வரையான உருக்குத் தகடு பொருந்தும். வளைந்துகொடுக்கும் தகரம் உதவாது. வாளுக்கு நேர்கோட்டில், மேசை மட்டத்தில் பற்களிலிருந்து 8 மில்லிமீற்றருக்கு மேல் விலகாமல் நிற்க வேண்டும். பட்டறைகளில் வழக்கமாக உள்ள அளவு வாள்களுக்கு, தகட்டின் உச்சி வாளின் உச்சியிலிருந்து 25 மில்லிமீற்றருக்கு மேல் தாழக் கூடாது. முன்விளிம்பை வாளின் வளைவுக்கு ஏற்ப வெட்டி, அரத்தால் சற்றே சரித்துவிட்டால் மரம் தடக்காமல் நுழையும்.

பொருத்தும் முறை இயந்திரத்தைப் பொறுத்தது. வாள் அசையாமல் மேசை மட்டும் உயர்ந்து தாழும் வகையானால், தகட்டை வாளின் அச்சைத் தாங்கும் சட்டத்தில் இரண்டு போல்ட்டுகளால் இறுக்கலாம். வாள் உயர்ந்து தாழும் வகையானால், தகடும் வாளுடன் சேர்ந்தே அசைய வேண்டும். அச்சைத் தாங்கும் பாகத்திலேயே அது பிடிக்கப்பட வேண்டும். அது முடியாத இடத்தில் மேசையின் பின்புறம் நிலையாக நிற்கும் பிளவுத் தகடு ஒன்றாவது வேண்டும். போல்ட்டுத் துளைகளைச் சற்று நீளமாக வெட்டினால் வாளை மாற்றும்போது தகட்டை மீண்டும் சரிசெய்யலாம்.

தகடு ஒன்றே போதுமா? போதாது. மரத்தைச் சாய்த்துத் தள்ளும் சட்டம் வாளுக்குச் சமாந்தரமாக இருக்க வேண்டும். பின்பக்கம் ஒடுங்கினால் மரம் இறுகும். மரத்தை நீளவாக்கில் அரியும்போது, அச்சட்டத்தில் ஒரு கட்டைப் பலகையைப் பூட்டி, அது வாளின் நடுப்பகுதியைத் தாண்டாமல் நிற்கச் செய்தால், அரிந்த துண்டு விலக இடம் கிடைக்கும். ஓரத்தைச் சரித்து வெட்டி, கால் அங்குல இடைவெளியில் கைவாளால் கீறிய சீப்புப் பலகை மரத்தைச் சட்டத்தோடு அணைத்துப் பிடிக்கும். அதை வாளுக்கு முன்னால் மட்டுமே பொருத்த வேண்டும். வாளுக்குப் பக்கத்தில் வைத்தால் அதுவே வெட்டுவாயை மூடிவிடும். வெட்டின் கடைசி 300 மில்லிமீற்றரை 450 மில்லிமீற்றராவது நீளமான தள்ளுதடியால் தள்ள வேண்டும். வாளுக்கு மேலே மூடியும் இருக்க வேண்டும். வாளின் நேர்கோட்டில் எவரும் நிற்கக் கூடாது.

எமது பிரதேச மரத்துக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. போர் நடந்த இடங்களின் மரங்களுக்குள் குண்டுச் சன்னங்கள் புதைந்திருக்கலாம். பழைய வீட்டு மரங்களில் ஆணி இருக்கும். இரும்பில் பட்டு மழுங்கிய வாளை மேலும் பலமாகத் தள்ள வேண்டியிருக்கும். அங்கேதான் கை சறுக்கும். அரியுமுன் மரத்தைத் தட்டித் தடவிப் பார்ப்பதும், வாளைக் கூராக வைத்திருப்பதும் பாதுகாப்பின் பாதி.

"நாற்பது வருடமாகத் தகடில்லாமல் அரிகிறோம், ஒன்றும் நடக்கவில்லையே" என்று சில ஓடாவியார்கள் சொல்வார்கள். அவர்களுடைய கைத்திறனை நாம் மதிக்கிறோம். ஆனால் மரத்துக்குள் இருக்கும் இழுவிசை எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அதோடு, இன்று வாளைத் தள்ளுபவர் அந்த ஓடாவியார் அல்ல. நேற்றுவரை வயலில் நின்ற பொடியன். காடி வெட்டும்போது தகடு தடையாகும் என்பதும் முழு உண்மையல்ல. வாளின் உச்சிக்குச் சற்றுத் தாழ நிற்கும் தகடு காடிக்குத் தடையாகாது. உயரமான தகடானால் கழற்றி, வேலை முடிந்ததும் மறுபடி பூட்டலாம். கழற்றியதை மூலையில் போட்டுவிடுவதே நமது நோய்.

சட்டம் நமக்கு எதிராக இல்லை. 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் ஆபத்தான இயந்திரப் பாகங்களுக்குக் காப்பு வேண்டும் என்கிறது. 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க வேலையாள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம், வேலையில் காயப்பட்டவருக்கு நட்டஈடு கேட்கும் உரிமையைத் தருகிறது. வாய்ப்பேச்சில் சேர்ந்தவர் என்பதால் அவ்வுரிமை போய்விடாது. ஆனால் சொந்தமாகப் பட்டறை நடத்தும் விவசாயி யாரிடம் நட்டஈடு கேட்பார்? விரல் போன பின் வரும் பணம் நாற்று நடுமா, வாய்க்கால் மறிக்குமா?

ஆகவே நாம் மூன்றைக் கேட்கிறோம். வாழ்வாதார உதவியாக மரவேலை இயந்திரம் வழங்கும் நிறுவனங்கள், ஆப்புத் தகடும் மூடியும் தள்ளுதடியும் இல்லாமல் ஒன்றையும் கையளிக்கக் கூடாது. பட்டறைக்குக் கடன் கொடுக்கும் கிராமச் சங்கங்கள், தகடு பூட்டியதைக் கண்ணால் பார்த்த பின்பே காசு கொடுக்க வேண்டும். கூலிக்குப் போகும் பிள்ளைகளிடம் பெற்றோர், "வாளுக்குப் பின்னால் தகடு இருக்கிறதா?" என்று கேட்க வேண்டும், இல்லையென்றால் அந்த வாளில் நிற்க வேண்டாம் என்று சொல்ல வேண்டும்.

ஒரு துண்டு உருக்கு, இரண்டு போல்ட்டு, இரும்பு ஒட்டும் கடையில் அரைநாள் வேலை: செலவு இவ்வளவுதான். காணி திரும்பக் கிடைக்கும் நாளில் அதைக் கொத்துவதற்குப் பத்து விரல்களும் வேண்டும்.