சக்கரம் இறங்காவிட்டால்?

மாணவர்களே! வாகைக்குளத்தில் விமானம் தரையிறங்குவதை முத்தையாபுரம் மாணவர்கள் சிலர் கண்டிருக்கக்கூடும். பல விமானங்களில் சக்கரங்களை மடக்குவதும் விரிப்பதும் குழாய்களில் உள்ள எண்ணெயின் அழுத்தமே. அந்த எண்ணெய் கசிந்துவிட்டால்?

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து ஷார்ஜாவுக்குக் கிளம்பிய விமானத்தில் எண்ணெய் அழுத்த அமைப்பு பழுதுபட்டது. 140-க்கும் மேற்பட்டோருடன் சுமார் இரண்டரை மணி நேரம் வானில் வட்டமிட்டது. எரிபொருள் செலவாகி எடை குறைந்தபின் பத்திரமாகத் தரையிறங்கியது.

பைப்பர் ஆரோ என்னும் சிறு விமானத்தைப் பாருங்கள். அதில் சக்கரங்களை மேலே தூக்கிப் பிடித்திருப்பதே எண்ணெய் அழுத்தந்தான். அழுத்தம் போனால் புவியீர்ப்பே அவற்றைக் கீழே இறக்கிவிடும். ரயில் பிரேக்கும் இப்படித்தான்: காற்றுக்குழாய் அறுந்தால் பிரேக் தானே பிடித்துக்கொள்ளும்.

கெடாத கருவி உலகில் இல்லை. கெட்டாலும் ஆளைக் காக்கும் கருவியே நல்ல கருவி. ஆனால் நம் வகுப்பறைகளில் கருவி எப்படி இயங்கும் என்பதோடு நின்றுவிடுகிறோம். இது குறை என்பேன். அடுத்த அறிவியல் கண்காட்சிக்கு நீங்கள் ஒரு மாதிரி செய்யும்போது, "இது கெட்டால் என்ன ஆகும்?" என்றும் கேட்டுப் பாருங்கள். உண்மையான பொறியியல் அங்கேதான் தொடங்குகிறது.