கொடிகாமத்தில் இருந்து ஓடி வரும் தங்கச்சிக்கு



சென்ற இதழ் வெளிவந்த மறுவாரமே கொடிகாமத்தில் இருந்து நாலு பக்கக் கடிதம் ஒன்று வந்தது. எழுதியவர் பாடசாலை ஆசிரியை. நாற்பதைத் தாண்டியவர், இரண்டு பிள்ளைகளின் தாய். எண்பத்தாறு கிலோவாக இருந்தவர் எண்பதுக்கு இறங்கியிருக்கிறார். விடியப்புறம் எழும்பி ஓடிப் பழகுகிறார். "அக்கா, வீட்டடியில இருந்து யாழ்ப்பாணம் மட்டும் ஓடிப் பாக்கவேணும் எண்டு ஆசை. ஆனா எட்டாவது கிலோமீற்றரோட தலை சுத்துது. நிறையும் ஒரு மாசமா அசையுதில்லை. நான் செய்யிறது பிழையோ?" என்று கேட்டிருக்கிறார்.

அரை மரதன் என்பது 21.0975 கிலோமீற்றர். கண்டி வீதியால் கொடிகாமத்தில் இருந்து யாழ்ப்பாண நகரத்துக்கும் ஏறத்தாழ அதே தூரம்தான்: மீசாலை, சாவகச்சேரி, நுணாவில், கைதடி, நாவற்குழி, அரியாலை. எந்தப் போட்டியிலும் பெயர் கொடுக்காமல் தன் ஊர் வீதியிலேயே ஓர் அரை மரதனை இவர் கண்டுபிடித்து வைத்திருக்கிறார்.

ஏன் அந்த வீதி என்பது மூன்றாம் பக்கத்தில் இருந்தது. 1995 ஒக்டோபர் 30. போரால் வலிகாமத்துச் சனம் இடம்பெயர்ந்து தென்மராட்சிக்குள் வந்த இரவு. நாவற்குழிப் பாலத்தாலும் கோப்பாய் – கைதடிப் பாதையாலும் இலட்சக்கணக்கான சனம், ஐப்பசி மழை, சைக்கிளில் கட்டிய மூட்டைகள், கதிரையோடு தூக்கி வரப்பட்ட வயதானவர்கள். அடி எடுத்து வைக்க இடமில்லாமல் மணிக்கணக்காக நின்ற இடத்திலேயே நின்றவர்கள் எத்தனையோ பேர். இவருக்கு அப்போது பன்னிரண்டு வயது. அப்பாவின் சைக்கிள் கரியரைப் பிடித்தபடி கொடிகாமம் வரை நடந்திருக்கிறார். பிறகு கலியாணம் கட்டி வந்ததும் அதே ஊருக்கு. "அண்டைக்குப் பயத்தில நடந்த றோட்டு அக்கா. அதில ஒருக்கா என்ர விருப்பத்துக்கு ஓடவேணும்" என்று எழுதியிருக்கிறார். இந்த வரியை வாசித்த பிறகு தனிக் கடிதத்தில் பதில் எழுதி முடித்துவிட எனக்கு மனம் வரவில்லை. இந்தப் பக்கத்தையே அவருக்குக் கொடுக்கிறேன்.

தங்கச்சி, முதலில் தலைச்சுற்றல். நீங்கள் எழுதிய ஒருநாள் சாப்பாட்டிலேயே அதற்கான விடை இருக்கிறது. விடிய வெறும் வயிற்றில் ஓட்டம். பாடசாலையில் இரண்டு பால்தேத்தண்ணி, வீட்டில் மூன்று. மத்தியானம் இரண்டு அகப்பைச் சோறு. இரவு ஒன்றும் இல்லை, இல்லாவிட்டால் நாலு கிறீம் கிறேக்கர் பிஸ்கற். நிறை குறைக்கிறவரின் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அரை மரதன்காரியின் ஓட்டத்தை ஓடுகிறீர்கள். உடம்பு எட்டுக் கிலோமீற்றர் வரை தாங்கியதே பெரிய காரியம்.

ஓடினால் நிறை குறையும் என்று நாங்கள் எல்லோரும் நம்புகிறோம். கணக்கைப் பாருங்கள். ஒரு கிலோமீற்றர் ஓட, உடல்நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் ஏறத்தாழ ஒரு கலோரி செலவாகும். எண்பது கிலோ உள்ளவர் ஐந்து கிலோமீற்றர் ஓடினால் 400 கலோரி. உங்கள் கொடிகாமச் சந்தைத் தேங்காயைத் துருவி எடுத்தால் நூறு கிராம் பூவில் ஏறத்தாழ 350 கலோரி இருக்கும். அதாவது காலை ஓட்டம் முழுவதும் புட்டுக்குப் போட்ட தேங்காய்ப்பூவோடு சரி. இருபத்தொரு கிலோமீற்றரையும் ஓடி முடித்தாலும் 1,700 கலோரி அளவுதான். ஒரு கிலோ உடற்கொழுப்புக் கரைய 7,700 கலோரி வேண்டும். ஒரு முழு அரை மரதனில் கரைவது கால் கிலோக் கொழுப்புக்கும் குறைவு. ஓடி முடித்துத் தராசில் ஏறினால் இரண்டு கிலோ குறைந்திருப்பது வியர்வை. மாலைக்குள் அது திரும்பி வந்துவிடும், வரவும் வேண்டும்.

ஆகவே நிறை குறைவது குசினியில். ஓட்டம் வேறு வேலைகளைச் செய்கிறது: இருதயத்தைப் பலப்படுத்துகிறது, இரத்தத்தில் சீனியை இறக்குகிறது, நல்ல நித்திரை தருகிறது, மனதைத் தூக்கி நிறுத்துகிறது. நிறை குறைப்பையும் ஓட்டத்தையும் ஒரே வாரத்தில் உச்சத்துக்குக் கொண்டுபோகப் பார்ப்பதுதான் உங்களைக் களைக்க வைக்கிறது. பிரித்துச் செய்யுங்கள். முதல் இரண்டு மூன்று மாதம் வாரத்துக்கு அரைக் கிலோ என்ற அளவில் மெதுவாகக் குறையட்டும். ஞாயிற்றுக்கிழமை நீள ஓட்டம் பதினாலு கிலோமீற்றரைத் தாண்டத் தொடங்கியதும் நிறை குறைக்கும் வேலையை நிறுத்திவையுங்கள். யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்த பிறகு மிச்சத்தைப் பார்க்கலாம். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஒரு மாதமாகத் தராசு அசையாததற்கும் காரணம் உண்டு. தசையிலும் ஈரலிலும் சேமித்து வைத்த மாச்சத்தின் ஒவ்வொரு கிராமும் மூன்று கிராம் அளவு தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்த முதல் வாரங்களில் அது வெளியேறுவதால் நிறை கிடுகிடுவென்று இறங்கும். ஓட்டப் பயிற்சி கூடும்போது தசை மறுபடி சேமிக்கத் தொடங்கும், தண்ணீரும் திரும்பி வரும். தராசு நின்றுவிட்டதாகத் தெரியும் அந்த மாதத்திலும் கொழுப்புக் கரைந்துகொண்டிருக்கலாம். இடுப்பை நாடாவால் அளந்து பாருங்கள், சட்டையின் தையலைப் பாருங்கள். தராசில் வாரத்துக்கு ஒருநாள் ஏறினால் போதும்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். ஓடப் போவதற்கு அரை மணித்தியாலத்துக்கு முன் இரண்டு கதலி வாழைப்பழம். ஓடி வந்ததும் புட்டும் அவித்த பயறும், அல்லது புட்டும் முட்டையும், தேங்காய்ப்பூவைப் பாதியாக்குங்கள். மத்தியானக் கோப்பையில் பாதி மரக்கறியும் இலைக்கறியும், கால் பங்கு சோறு, மிச்சம் மீனோ பருப்போ. முருங்கையிலை வறை அடிக்கடி வரட்டும். இரவுச் சாப்பாட்டை விடாதீர்கள். குரக்கன் புட்டோ நாலு இடியப்பமும் சொதியுமோ போதும். வெட்ட வேண்டியது தேத்தண்ணிச் சீனியை. ஐந்து கோப்பையில் இரண்டு தேக்கரண்டி வீதம் போட்டால் நாற்பது கிராம். நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்னது. நீங்கள் சோற்றைக் குறைத்துவிட்டுச் சீனியைக் குடிக்கிறீர்கள்.

அம்மாவுக்குச் சீனி வருத்தம் என்று எழுதியிருக்கிறீர்கள். இது எங்கள் எல்லோருடைய வீட்டுக் கதை. 2005–06இல் இலங்கையில் எடுத்த ஆய்வில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. 2018–19 ஆய்வில் அது நாலில் ஒருவரை நெருங்கிவிட்டது. ஆசிய உடம்புகளில் உடல்நிறைச் சுட்டெண் 23ஐத் தாண்டும்போதே கவனம் வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் எழுதியது. மேல்நாட்டாருக்குச் சொல்லும் 25 எங்களுக்குப் பொருந்தாது. ஓடத் தொடங்கும் எவரும் முதலில் சாவகச்சேரி ஆதார வைத்தியசாலையிலோ பக்கத்துக் கிளினிக்கிலோ பிரஷரும் சீனியும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்சுலின் போடுகிறவர்களும் சீனியை இறக்கும் குளிசை எடுக்கிறவர்களும் வைத்தியரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓடவே கூடாது. நடுவழியில் சீனி இறங்கி விழுந்துவிடுவார்கள். நெஞ்சு இறுக்கம், கை உளைவு, வழக்கமில்லாத மூச்சுத்திணறல் வந்தால் அந்த இடத்திலேயே நின்று வைத்தியசாலைக்குப் போங்கள்.

நீரிழிவோடு ஓடி முன்னுக்கு வந்தவர் ஒருவரை அக்கரையில் காட்டலாம். சென்னை மேயராக இருந்து 2021இல் தமிழ்நாட்டின் சுகாதார அமைச்சரான மா. சுப்பிரமணியன். நீரிழிவு உள்ளவர், வீதி விபத்தில் முழங்காலில் பலத்த அடி பட்டவர். நடுவயதில் ஓடத் தொடங்கி நூறுக்கு மேற்பட்ட அரை மரதன்களை ஓடி முடித்திருக்கிறார். 'ஓடலாம் வாங்க' என்று புத்தகமும் எழுதினார்.

முழங்கால் பற்றிய உங்கள் பயம் நியாயமானது. ஆனால் ஆறு கிலோ குறைத்தபோதே அதற்குப் பெரிய உதவி செய்துவிட்டீர்கள். முழங்கால் தேய்மானம் உள்ள பருமனானவர்களை வைத்து 2005இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, ஒரு கிலோ நிறை குறைந்தால் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் சுமை நாலு கிலோ குறைகிறது என்று கண்டது. மிச்சப் பாரத்தை நடை தாங்கட்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீற்றர் ஓடிய ஜெஃப் கல்லவே என்ற அமெரிக்கர், புதிதாக ஓட வருகிறவர்களுக்கு ஓட்டத்தின் நடுவே நடையைச் சேர்த்துப் பழக்கினார். களைத்த பிறகு நடப்பதில்லை, களைக்க முன்னமே நடப்பது. ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை என்று தொடங்குங்கள். பக்கத்தில் வருபவரோடு முழு வசனம் பேச முடிகிற வேகம் போதும். மணிக்கு ஆறு கிலோமீற்றர் என்று போனாலும் மூன்றரை மணித்தியாலத்தில் யாழ்ப்பாணம்.

வாரத்தில் மூன்று நாள் ஓடினால் போதும். ஞாயிறு மட்டும் நீளம். வாரத்துக்கு ஒரு கிலோமீற்றர் கூட்டுங்கள், நாலாவது வாரம் குறைத்து ஆறுதல் எடுங்கள். உங்களுக்குக் கிடைத்திருப்பது நேரான வீதி, அதை நல்லபடியாகப் பயன்படுத்தலாம். ஒரு ஞாயிறு சாவகச்சேரி மட்டும் ஓடிப் பஸ்ஸில் திரும்பி வாருங்கள். இன்னும் சில ஞாயிறுகளில் நுணாவில், பிறகு கைதடி. நாவற்குழி வரை போய்விட்டால் கடைசித் துண்டை யாழ்ப்பாணம் வரை ஓடும் நாளுக்கென்றே விட்டுவைக்கலாம். பயிற்சியில் முழுத்தூரமும் ஓட வேண்டும் என்பதில்லை.

ஆவணி, புரட்டாதியில் சோழகம் முகத்தில் அடிக்கும். சாவகச்சேரிப் பக்கம் போகும்போது வேகம் குறைந்தால் மனம் விடாதீர்கள். கார்த்திகை, மார்கழியில் மழையோடு ஓடலாம், இடி மின்னலோடு வேண்டாம். அந்தப் பெரிய நாளைத் தை மாத முடிவில் வைத்துக்கொள்ளுங்கள். எங்கள் பக்கத்தில் காலைக் குளிர் ஓட்டத்துக்குத் தோதாக இருக்கும் காலம் அது. ஒரு மணித்தியாலத்துக்கு மேற்பட்ட ஓட்டத்துக்கு வெறும் தண்ணீர் போதாது. ஜீவனி உப்புக்கரைசல் பைக்கற் ஒன்றைக் கரைத்துப் போத்தலில் கொண்டுபோங்கள். தாகத்துக்குக் குடியுங்கள், அளவுக்கு மிஞ்சிய தண்ணீரும் ஆபத்து.

விடியப்புறம் கண்டி வீதியில் கொழும்பு இரவு பஸ்கள் பறந்து வரும் என்பது உங்களுக்குத் தெரியும். வாகனம் முகத்துக்கு நேரே வருவது தெரிகிற மாதிரி வலது கரையால் ஓடுங்கள், வெளிர் நிறச் சட்டை போடுங்கள். கிழமை நாட்களில் கச்சாய் வீதியும் ஒழுங்கைகளும் நல்லது. மணல் ஒழுங்கையில் கெண்டைக்கால் சீக்கிரம் களைக்கும், அதில் வேகம் பார்க்காதீர்கள். எழுதுமட்டுவாள், முகமாலைப் பக்கம் ஓடுகிற வாசகர்கள் இருந்தால் தார் வீதியை விட்டு இறங்கவே வேண்டாம். சிவப்புப் பலகை இல்லாத இடமும் மிதிவெடி இல்லாத இடம் என்று ஆகாது.

கேட்க வெட்கப்பட்டு ஓரத்தில் சின்ன எழுத்தில் எழுதியிருந்தீர்கள், தொடை உரசிப் புண்ணாவது பற்றி. பருமனான உடம்போடு ஓடும் எல்லோருக்கும் வருவது இது. முழங்கால் வரை இறுக்கிப் பிடிக்கும் காற்சட்டையை உள்ளே போடுங்கள், ஓட முன் வாஸலின் பூசுங்கள். சப்பாத்தை மாலையில் வாங்குங்கள். கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் அளவு சரியாகத் தெரியும்.

"நாலு சனம் கதைக்குது" என்றும் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பாடசாலைகளில் இல்ல மெய்வல்லுநர் போட்டி வந்தால் பெண் பிள்ளைகள் வெறுங்காலோடு மரதன் ஓடுவார்கள், ஊரே வேலியடியில் நின்று தண்ணீர் வார்க்கும். அதே பிள்ளை கலியாணம் கட்டி நாற்பது வயதில் ஓடினால் ஏன் கதைக்க வேண்டும்? செல்வச்சந்நிதியில் இருந்து கதிர்காமத்துக்குக் கிழக்குக் கரையால் வாரக்கணக்காக நடந்து போகும் ஆச்சிமாரைக் கும்பிட்டு வழியனுப்புகிற ஊர்கள் எங்களுடையவை. முல்லைத்தீவைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 2023 நவம்பரில் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் தடகளப் போட்டியில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் எடுத்தார். அப்போது அவருக்கு 72 வயது. அவர் வென்றவற்றில் ஒன்று 5,000 மீற்றர் வேகநடை. கதைக்கிற சனத்துக்கு அவருடைய படத்தைக் காட்டுங்கள்.

மற்ற வாசகர்களிடம் ஒரு கேள்வி. கொடிகாமம், மீசாலை, சாவகச்சேரிப் பக்கத்தில் காலையில் ஓடும் அல்லது நடக்கும் பெண்கள் இருந்தால் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் புறப்படுகிறீர்கள், எந்த ஒழுங்கையில் விளக்கு எரிகிறது, எங்கே கட்டாக்காலி நாய்த் தொல்லை என்று குறிப்பிடுங்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் இவரோடு சேர்ந்து ஓட இரண்டு பேர் கிடைத்தால் நல்ல துணையாக இருக்கும். அவருடைய சம்மதத்தைக் கேட்டு நாங்கள் தொடுத்துவிடுகிறோம்.

அன்புடன்,
ஆசிரியர்