தீபாவளிக்கு முதல் நாள்

அம்மா உளுந்து ஊறப் போட்டிருந்தார். தோட்டத்தில் தந்த தீபாவளி அட்வான்ஸில் பண்டாரவளையில் எடுத்த நீலச் சட்டை, டிரங்குப் பெட்டிக்குள் மடிப்புக் கலையாமல் இருந்தது. 2000 அக்டோபர் 25, புதன்கிழமை. கொழுந்துக்குப் போன பெண்கள் கூடையோடு பாதி மலையிலிருந்து ஓடி வந்தார்கள். "பிந்துனுவெவ கேம்புல புள்ளைகள வெட்டிக் கொளுத்திட்டானுங்களாம்!" லயத்தில் எல்லாக் கதவும் சாத்தப்பட்டது. அன்றிரவு யாரும் விளக்கேற்றவில்லை. விடிந்ததும் அம்மா புளித்துப் பொங்கிய உளுந்தைக் கானில் கொட்டினார். எனக்கு அப்போது வயது பதினேழு. என் வயதுப் பிள்ளைகளும் அந்த முகாமில் இருந்தார்கள்.

புனர்வாழ்வு முகாம் என்று பெயர் வைத்தார்களே, அந்தச் சொல்லை நினைத்தால் இப்போதும் வயிறு எரிகிறது. புலிகள் என்ற சந்தேகத்தில் பிடிபட்டவர்கள், இயக்கத்தை விட்டு வந்து சரணடைந்தவர்கள், துப்பாக்கி தூக்க வைக்கப்பட்ட சிறுவர்கள் என்று 41 பேர். எந்த நீதிமன்றமும் அவர்களைக் குற்றவாளி என்று தீர்க்கவில்லை. "திருத்தி வீட்டுக்கு அனுப்புகிறோம்" என்று பொறுப்பெடுத்தது அரசு. எப்போது விடுவீர்கள் என்று 24ஆம் திகதி மாலை அவர்கள் சத்தம் போட்டுக் கேட்டார்கள். முகாமில் குழப்பம் மூண்டது, பொலிஸ் வந்தது. விடிந்தபோது கத்தியும் கோடரியும் பொல்லுமாக ஆயிரக்கணக்கானவர்கள் முகாமைச் சூழ்ந்துவிட்டார்கள். அறுபது பொலிஸார் வரை அங்கே நின்றார்கள். ஆயுதத்தோடு நின்றார்கள்! அவர்கள் கண்ணெதிரேதான் 27 பேர் கொல்லப்பட்டார்கள். சில உடல்களைப் பெற்றவளே அடையாளம் காண முடியாதபடி தீ தின்றிருந்தது. மற்ற 14 பேர் காயங்களோடு பிழைத்தார்கள்.

இது முதல் தடவையா? 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் 53 தமிழ்க் கைதிகளைக் கொன்றார்கள். அதற்கு எவரும் தண்டிக்கப்படவில்லை. கேட்பாரில்லை என்பதைப் பதினேழு வருடத்துக்கு முன்பே நாடு கற்றுக்கொடுத்துவிட்டது.

பிந்துனுவெவவுக்காவது நீதி வரும் என்று நம்பினோம். ஜனாதிபதி ஆணைக்குழு அமைத்தார்கள். அது விசாரித்து எழுதிய அறிக்கையை மக்கள் முன் வைக்கவில்லை. 2003 ஜூலையில் இரண்டு பொலிஸார் உட்பட ஐந்து பேருக்கு மரண தண்டனை என்று தீர்ப்பு வந்தது. தூக்கு வேண்டுமென்று எங்களில் யாரும் கேட்கவில்லை. செய்தது தப்பு என்று ஒரு வாய் சொன்னால் போதும் என்றிருந்தோம். மேன்முறையீட்டில் அந்த ஐவரும் விடுதலையானார்கள். 2005 மே மாதத்தோடு அந்தக் கணக்கையும் மூடிவிட்டார்கள்.

வடக்கிலும் கிழக்கிலும் இருந்த அந்தப் பிள்ளைகளின் தாய்மாருக்கு எங்கள் மலை எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூடத் தெரிந்திருக்காது. பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பில் இருக்கிறான், இயக்கம் வந்து இழுத்துப் போகாது, உயிருக்குப் பயமில்லை என்று நெஞ்சைத் தேற்றிக்கொண்டிருந்திருப்பார்கள். அந்த நெருப்பு எங்கள் ஊரில்தான் எரிந்தது. நாங்கள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே கிடந்தோம். அது என்னை இன்றும் அறுக்கிறது.

பிடித்து வந்தது அரசு, அடைத்து வைத்தது அரசு, காவல் நின்றது அரசு. கொன்றவர் மட்டும் ஒருவரும் இல்லையா? 27 பிள்ளைகளும் தாங்களாகவா வெட்டுப்பட்டுச் செத்தார்கள்? சொல்லுங்களேன்!