ஈறு சிறிது, பொருள் பெரிது

சொல்லின் இறுதியில் நிற்கும் ஈறு அளவாற் சிறியது. ஆயினும் அது சொல்லின் பொருளையும், சில வேளைகளில் ஒரு மக்கட் கூட்டத்தின் மதிப்பையும் மாற்றவல்லது. நம் விழுப்புரம், திண்டிவனம் வட்டாரத்தில் வழங்கும் பிரம்மதேசம் என்னும் ஊர்ப்பெயரே இதற்குச் சான்று. அந்தணர்க்குக் கொடையாக வழங்கப்பெற்ற ஊர்களைப் பல்லவர், சோழர் காலச் சாசனங்கள் ‘பிரமதேயம்’ எனக் குறிக்கின்றன. ஈண்டுத் தேயம் என்பதற்குக் கொடுக்கப்படுவது என்று பொருள். அதுவே பிரம்மதேசம் எனத் திரிந்தது என்பர் ஆய்வாளர். ஓரெழுத்து மாறியது, கொடை மறைந்து நாடு தோன்றிவிட்டது.

இன்று நம் வகுப்பறைகளிலும் மேடைகளிலும் ஓயாது ஒலிக்கும் ‘இசம்’ என்னும் ஆங்கில ஈற்றையும் இவ்வாறே ஆராய்தல் வேண்டும். கிரேக்கத்தில் ‘இஸ்மோஸ்’ எனப் பிறந்து, இலத்தீனில் ‘இஸ்முஸ்’ ஆகி, பிரெஞ்சு வழியாகவும் ஆங்கிலம் புகுந்தது இது. தொடக்கத்தில் செயலைப் பெயராக்குவதே இதன் பணி. திருமுழுக்கைக் குறிக்கும் ‘பாப்டிசம்’ அவ்வகையினது. பின்னர்ப் பொருள் பலவாய் விரிந்தது. ‘சோசலிசம்’ கோட்பாடு, ‘ருமாட்டிசம்’ நோய், ‘டூரிசம்’ சுற்றுலா. 1680ஆம் ஆண்டிலேயே இவ்வீறு தனிச்சொல்லாகவும் ஆளப்பட்டது. அப்போதே அதில் ஏளனக் குறிப்பும் கலந்திருந்தது.

தமிழ் இதனை ஒரே அச்சில் வார்க்கவில்லை. பொதுவுடைமை, நாட்டுப்பற்று, முதலாளித்துவம், பயங்கரவாதம், பெண்ணியம் என இடமறிந்து சொல் அமைத்தது. இவற்றுள் ‘இயம்’ இன்று பெருவழக்காயிற்று. ஆனால் இயம் என்பது இசைக்கருவியைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல்லுமாகும். நெடும்பல்லியத்தனார் என்னும் சங்கப் புலவர் பெயரில் உள்ள ‘பல்லியம்’ பல இசைக்கருவிகளையே சுட்டும். தொல்காப்பியமோ ஆக்கியோன் பெயரால் அமைந்த நூற்பெயர். முடக்குவாதத்தில் வாதம் நோய். பொருள்முதல்வாதத்தில் வாதம் கொள்கை. ஈற்றொலி ஒத்தலால் பொருளும் ஒக்கும் எனக் கொள்ளலாகாது.

இது சொல்லாராய்ச்சியோடு முடிவதன்று. மார்க்சின் கொள்கை மார்க்சியம் என்பதுபோல, நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் திருப்பெயரோடு இவ்வீற்றை ஒட்டி ‘முகம்மதனிசம்’ என்றனர் ஐரோப்பியர். 1949இல் வெளிவந்த அறிஞர் கிப் அவர்களின் நூலுக்கும் அதுவே தலைப்பு. இஸ்லாம் என்பதற்கு இறைவனுக்குப் பணிதல் என்று பொருள். தூதரை வணங்காத ஒரு மார்க்கத்திற்குத் தூதரின் பெயரைச் சூட்டுவது எங்ஙனம் பொருந்தும்? 1875இல் அலிகாரில் சர் சையத் அகமது கான் நிறுவிய கல்லூரியின் ஆங்கிலப் பெயரில் ‘முகம்மதன்’ என்றே இருந்தது. 1920இல் அது பல்கலைக்கழகமானபோது ‘முஸ்லிம்’ என்னும் உரிய பெயர் இடம்பெற்றது.

‘ஃபண்டமெண்டலிசம்’ என்பதன் வரலாறு இன்னும் வியப்புடையது. 1920 அளவில் அமெரிக்கப் புரோட்டஸ்டண்ட் கிறித்தவருள் ஒரு சாரார் தம் சமயத்தின் அடிப்படைகளைக் காப்போம் எனப் பெருமையோடு சூடிக்கொண்ட அடையாளம் அது. இன்றோ ‘அடிப்படைவாதம்’ என்பது பிறர்மேல் எறியும் கல்லாகிவிட்டது. தொழுகை தவறாத முதியவரையும் வன்முறையாளனையும் ஒரே சொல்லால் சுட்டுதல் மொழிக்கும் அடாது, நீதிக்கும் அடாது.

எனினும், நமக்கு நேர்ந்ததை மட்டும் கூறி அமைதல் முறையன்று. நாமும் பிறர் கொள்கைகளுக்கு வசைப்பெயர் சூட்டாதிருத்தல் வேண்டும். மாணவச் செல்வங்கள் ஒரு சொல்லை எடுத்தாளுமுன் மூன்றினைக் கேட்டல் நலம். இப்பெயரை இட்டவர் யார்? இடப்பட்டவர் அதனை ஏற்கின்றனரா? இப்பொருளைச் செவ்விதின் உணர்த்தத் தமிழில் சொல் உளதா? தமிழ்த்துறையில் பயின்றோர் என்னும் பெருமை, பட்டம் பெறுதலால் மட்டும் அமைவதன்று. பிறர் மனம் புண்படாமல், பொருள் பிறழாமல் பேசும் நாவினால் அமைவது என்பதே நம் துணிபு.