படத்துக்கு நிறம் பூசாதீர்கள், ஆண்டு எழுதுங்கள்

பழைய கச்சேரிப் படம் ஒன்று கைக்கு வந்தால், விவரம் தெரிந்த ரசிகர் முதலில் பாடகரின் முகத்தைப் பார்ப்பதில்லை. மேடைக்குப் பின்னால் கட்டியிருக்கும் பேனரைப் பார்க்கிறார். 'மாலை 6 மணிக்கு' என்று அதில் எழுதியிருந்தால் பாதி வேலை முடிந்தது. அந்த 'லை' தும்பிக்கையை வளைத்த பழைய வடிவத்தில் இருக்கிறதா, முன்னால் கொம்பு போட்ட இன்றைய வடிவத்தில் இருக்கிறதா என்பதுதான் கேள்வி. 1978ல் எம்.ஜி.ஆர். அரசு எழுத்துச் சீர்திருத்த ஆணை பிறப்பித்தது. கோவில் விழாப் பேனரில் புது 'லை' இருந்தால் அந்தப் படம் பெரும்பாலும் அதற்குப் பிந்தியது. பழைய 'லை' இருந்தால் அவசரப்படக் கூடாது. ஆணை வந்த பிறகும் எத்தனையோ பெயின்டர்கள் பழகிய கையாலேயே எழுதிவந்தார்கள். திராவிடர் கழக மேடை என்றால் கணக்கே வேறு. பெரியார் 1935லேயே 'குடிஅரசு' இதழில் சீர்திருத்த எழுத்துகளைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்துவிட்டார்.

ஒரு எழுத்துக்கு இத்தனை விசாரணை. மதுரையிலும் சுற்று வட்டாரத்திலும் இப்படிப் பழைய படங்களுக்கு ஆண்டு தேடும் ரசிகர்கள் இருக்கிறார்கள். எவரும் சம்பளம் கொடுத்து வைத்த ஆட்கள் அல்ல. வேலை வெட்டி இல்லாதவர்களின் பொழுதுபோக்கு என்று அவர்களை ஒதுக்குவது தவறு. இசை வரலாறு எழுதுகிறவர்கள் செய்யவேண்டிய வேலையை இவர்கள் செய்துகொண்டிருக்கிறார்கள். ஆண்டு மாறினால் படத்தின் பொருளே மாறிவிடும்.

எம்.எஸ். சுப்புலட்சுமியைவிட நல்ல சான்று வேண்டியதில்லை. 1916ல் மதுரையில் பிறந்து, மேல அனுமந்தராயன் கோவில் தெருவில் வளர்ந்தவர். அவரும் நாட்டியக் கலைஞர் பாலசரஸ்வதியும் கோடு போட்ட மேல்நாட்டு இரவு உடையில், வாயில் சிகரெட்டுடன் தோன்றும் ஸ்டுடியோ படம் ஒன்று உண்டு. மேடையில் பட்டுப் புடவையும் மல்லிகையுமாக மட்டுமே எம்.எஸ்.ஸைப் பார்த்தவர்கள் அதைக் கண்டு திகைத்துப்போகிறார்கள். சிலர் முகம் சுளிக்கிறார்கள். படத்தின் ஆண்டு 1937 என்று தெரிந்தால் எல்லாம் விளங்கிவிடும். பாலாவுக்கு அப்போது 19 வயது, எம்.எஸ். இருபதைத் தொட்டிருந்தார். எம்.எஸ். மதுரையிலிருந்து சென்னைக்கு வந்து அதிக காலம் ஆகியிருக்கவில்லை. முதல் படம் 'சேவாசதனம்' வெளிவர இன்னும் ஓராண்டு இருந்தது. சதாசிவத்துடன் திருமணம் நடந்தது 1940ல். கட்டுப்பாடு மிகுந்த இசைக் குடும்பங்களில் பிறந்த இரண்டு இளம்பெண்கள், யாருக்கும் தெரியாமல் ஒரு நாள் விளையாடிப் பார்த்த விளையாட்டு அது. அதே படத்தின் கீழே 1950கள் என்று யாராவது போட்டால், பத்மபூஷண் விருது பெற்ற, ஊரே கைகூப்பும் ஒரு பெண்மணியின் ரகசிய வாழ்க்கை என்று கதை கட்டிவிடுவார்கள். ஆண்டைச் சரியாகச் சொல்வது எம்.எஸ்.ஸுக்குச் செய்யும் மரியாதையும் ஆகும்.

இன்னொரு குழப்பம் சினிமா ஸ்டில்கள். 1945 தீபாவளிக்கு வந்த 'மீரா'வில் எல்லிஸ் டங்கன் எடுத்த அழகான காட்சிகள் உண்டு. எம்.எஸ்.ஸின் முகத்தைச் சிலையாக வார்த்து, எந்த விளக்கு எந்தக் கோணத்தில் விழவேண்டும் என்று ஒத்திகை பார்த்துவிட்டுத்தான் படப்பிடிப்புக்கே போனார்கள். அந்த ஸ்டில்லை 'இளவயதில் எம்.எஸ். பஜனை செய்தபோது' என்று போடுகிறார்கள். 'சாவித்திரி'யில் நாரதராக நடித்த ஸ்டில்லுக்கும் 'சகுந்தலை'யில் ஜி.என்.பி.யோடு நிற்கும் ஸ்டில்லுக்கும் இதே கதிதான். படம் பொய்யில்லை; அடியில் எழுதிய வரிதான் பொய்.

வெளிநாட்டுப் பயணப் படங்களில் ஆண்டு இன்னும் எளிதாகத் தடம் புரளும். 1966 அக்டோபர் 23 அன்று ஐ.நா. சபையில் பாடினார், அதே பயணத்தில் அமெரிக்காவின் வேறு ஊர்களிலும் கச்சேரி செய்தார். 1977ல் மறுபடியும் நியூயார்க் போய் கார்னகி ஹாலில் பாடினார். புடவையையும் பூவையும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர்களைப் பார்க்கவேண்டும். 1966ல் வயலின் வி.வி. சுப்பிரமணியம், மிருதங்கம் டி.கே. மூர்த்தி, கடம் விக்கு விநாயக்ராம். விநாயக்ராமுக்கு அப்போது 24 வயது. கடத்தோடு உட்கார்ந்திருக்கும் அந்த இளைஞரின் முகமே சாட்சி. பாடகரை மட்டும் வெட்டியெடுத்துப் பக்கவாத்தியக்காரர்களைத் தள்ளிவிடுகிறவர்கள் சாட்சியை வெளியே அனுப்பிவிட்டு வழக்கு நடத்துகிறார்கள்.

கே.பி. சுந்தராம்பாள் படங்களுக்கு ஒரே கேள்வி போதும். அவருடைய கணவர் கிட்டப்பா 1933 டிசம்பரில் இறந்தார். அதன் பிறகு சுந்தராம்பாள் வெள்ளை உடுத்தினார், நகைகளைத் துறந்தார். நாடக வேஷம் இல்லாத ஒரு படத்தில் நகையும் பொட்டுமாக அவர் இருந்தால், அது அந்த டிசம்பருக்கு முந்தியது.

மதுரைச் சமவெளியின் கிராமத்து மேடைகளுக்கு வந்தால் தடயங்கள் வேறு. பாவலர் வரதராசன் தம்பிகளைக் கூட்டிக்கொண்டு ஊர் ஊராகப் பாடித் திரிந்த காலத்துப் படங்கள் என்று பல உலவுகின்றன. பாவலர் 1973ல் மறைந்தார். தம்பிகளில் ஒருவரான இளையராஜா அதற்குச் சில ஆண்டுகள் முன்பே சென்னைக்குப் போய்விட்டார். ஆகவே பாவலரும் தம்பிகளும் ஒன்றாக இருக்கும் மேடைப் படத்தை 60களுக்குள்தான் தேடவேண்டும். அவர்களுடைய பண்ணைப்புரம் அன்று மதுரை மாவட்டத்தில் இருந்தது. பேனரில் 'தேனி மாவட்டம்' என்று இருந்தால் அது 1996க்குப் பிந்திய மேடை. 'திண்டுக்கல் மாவட்டம்' என்றால் 1985க்குப் பிந்தியது. மேடைக்கு அருகே கார் நின்றால் நம்பர் பிளேட்டைப் பாருங்கள். டி.என். 58, 59 என்ற வரிசையெல்லாம் 1989ல் புது முறை வந்த பிறகு ஏற்பட்டவை. அதற்கு முன்பு மூன்று எழுத்தும் நான்கு எண்ணும்தான். அம்பாசடரே ரோட்டுக்கு வந்தது 50களின் கடைசியில். கலர் படத்தின் மூலையில் ஆரஞ்சு நிறத்தில் தேதி விழுந்திருக்கிறதே, அது போதாதா என்று கேட்பார்கள். போதாது. கேமராவில் தேதியைச் சரிசெய்யாமலேயே ரோல் ரோலாக எடுத்தவர்கள் ஏராளம்.

எல்லாவற்றையும்விட அதிகம் பேசுவது படத்தின் பின்பக்கம். கெட்டித்தாளில் அச்சிட்ட கறுப்பு வெள்ளைப் படம், ஓரம் அலை அலையாக வெட்டியது. திருப்பினால் ஊதா மையில் ஸ்டுடியோவின் ரப்பர் ஸ்டாம்ப். தெருப் பெயர், சிலவற்றில் போன் நம்பர். பக்கத்தில் பென்சிலில் ஒரு எண். அது ஸ்டுடியோவின் ஆர்டர் நம்பர். அந்தக் கடையின் பேரேடு கிடைத்துவிட்டால் தேதியே கிடைத்துவிடும். ஆல்பத்தின் கறுப்புத் தாளில் பசை போட்டு ஒட்டி, பிறகு பிய்த்தெடுத்த படங்களில் இந்தப் பின்பக்கம் கிழிந்துபோகிறது. போனில் படம் எடுத்து அனுப்புகிறவர்களோ முன்பக்கத்தை மட்டுமே அனுப்புகிறார்கள்.

இப்போது புதிதாக ஒரு கேடு முளைத்திருக்கிறது. செயற்கை நுண்ணறிவைக் கொண்டு பழைய படங்களுக்கு நிறம் பூசுவது. புடவையின் நிறம் அந்த மென்பொருளுக்குத் தெரியாது, அது ஊகிக்கிறது. 'எம்.எஸ். ப்ளூ' என்று ஒரு நீலமே பெயர் பெற்றுவிட்டதால், எம்.எஸ். படம் என்றாலே நீலம் பூசப்படுகிறது. அந்தப் படம் சுற்றி வந்து, 'பாருங்கள், அந்தக் காலத்திலேயே எம்.எஸ். ப்ளூ கட்டியிருக்கிறார்' என்பதற்கு ஆதாரமாகவும் காட்டப்படுகிறது. மங்கலான பேனர் எழுத்தைத் தெளிவாக்கித் தருகிறேன் என்று அந்த மென்பொருள் எந்த மொழியிலும் இல்லாத கிறுக்கலை வரைகிறது. முதல் பத்தியில் சொன்ன 'லை' அதோடு தொலைந்தது. அழகுக்காகச் செய்கிறோம் என்பார்கள். ஆதாரத்தை அழித்துவிட்டு வரும் அழகு நமக்கு வேண்டாம்.

டிஜிட்டல் கேமரா வந்த பிறகு பழைய ஸ்டுடியோக்கள் ஒவ்வொன்றாக மூடின. நெகட்டிவ்களும் கண்ணாடித் தகடுகளும் பழைய சாமான்களோடு போயின. புதுச்சேரி பிரெஞ்சு நிறுவன ஆய்வாளர்கள் பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டுடியோப் படங்களைத் தேடிப் பதிவு செய்தார்கள். அவர்கள் போவதற்கு முன்பே அழிந்துபோனவை மிகப் பல. சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்தில் பழைய நாடக நோட்டீஸ்கள் இருக்கின்றன. 1942ல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி'யின் பழைய தாள்களில் கச்சேரி விளம்பரங்கள் உண்டு. படத்தையும் நோட்டீசையும் விளம்பரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் ஆண்டு உறுதியாகும். அதற்கு இன்று ஒரு மதுரைக்காரர் சென்னைக்கும் புதுச்சேரிக்கும் அலையவேண்டியிருக்கிறது.

2023 ஜூலையில் புது நத்தம் சாலையில் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்தில் இதற்கென ஒரு மேஜை போடலாம். ஒரு ஸ்கேனர், விவரம் தெரிந்த இரண்டு பேர் போதும். வீட்டில் உள்ள கச்சேரிப் படத்தைக் கொண்டுவந்தால் இருபக்கமும் ஸ்கேன் செய்துகொண்டு, சொன்ன விவரத்தைக் குறித்துக்கொண்டு, அசலைக் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடலாம். பெரிய செலவு இல்லை. அரசு செய்யவேண்டும், சபாக்களும் விழாக் கமிட்டிகளும் கேட்டு வாங்கவேண்டும்.

அதுவரை, ஆல்பம் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வேண்டுகோள். படத்தில் இருப்பது யார், எந்த ஊர், என்ன விழா என்று சொல்லத் தெரிந்த பெரியவர் உங்கள் வீட்டில் இருந்தால் இந்த ஞாயிற்றுக்கிழமையே அவர் பக்கத்தில் உட்காருங்கள். பால்பாயின்ட் பேனாவால் எழுதாதீர்கள். அழுத்தம் முன்பக்கம் தெரியும். மென்மையான பென்சிலால் பின்பக்க ஓரத்தில் எழுதுங்கள், வழுவழுப்பான தாள் என்றால் மேலுறையில் எழுதுங்கள். ஆண்டு நிச்சயமாகத் தெரியாவிட்டால் 'சுமார்' என்று சேர்த்துக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரையும் கீழே குறித்துவையுங்கள்.